பட்டாளத்து வளையம்

பேச்சியம்மா வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் மாயாண்டிப் பூசாரியின் கையில் மணி நின்றுபோனது.

சாமி கும்பிட வருகிறவள் பூ கொண்டு வருவாள், இல்லை தேங்காய் கொண்டு வருவாள். இவள் தோளில் இருந்தது கல் பெயர்க்கும் அலவாங்கு.

"வலி கண்டுருச்சு பூசாரி. எனக்கு அந்த வளையம் வேணும்."

அந்த வளையம்தான் ரோதை முனி. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோதைச் சக்கரங்கள் நிற்காமல் ஓடுவதும், ஓடுகிற ரோதையில் ஒருவர் கையும் சிக்காமலிருப்பதும் அவர் பொறுப்பு. எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் அப்பியப்பித் தடித்துப்போய், ஸ்டோர் வாசலில் சிமெந்து மேடையில் நிமிர்ந்து நிற்கிறார்.

அதற்கு முன் அவருக்கு வேறு வேலை. சண்டைக் காலத்தில் தோட்டத்தில் தங்கிய பட்டாளம் ஒரு இரண்டு சக்கர டிரெயிலரை விட்டுப்போனது. அதன் மூக்கு வளையம் அவர். ஜீப்பின் கொக்கியில் மாட்டி வண்டியை இழுக்கிற இரும்பு. கழன்று கிடந்த அந்த இரும்பு ஒருநாள் மாயாண்டியின் கால் பெருவிரலைப் பதம் பார்த்தது. அன்றைக்கே முனி கனவில் வந்துவிட்டார். தோட்டத்தில் சாமி பிறக்க வேறென்ன வேண்டும்!

வண்டியின் மற்ற உறுப்புகளும் சும்மா கிடக்கவில்லை. ஒரு சக்கரம் பீலிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு ஆசனமாக இருந்தது. முட்டுக்கால் கணக்கப்பிள்ளை வீட்டு வேலியில் நட்டிருந்தது. சங்கிலி ராக்காயியின் பசுவைக் கட்டிப்போட்டிருந்தது.

பேச்சியம்மா ஒன்றையும் விடவில்லை. கெஞ்சினாள், சண்டை பிடித்தாள், பசுவுக்குப் புதுக் கயிறு திரித்துக் கொடுத்தாள். அவள் கொண்டு வந்ததையெல்லாம் கராஜில் வேலை பார்க்கும் மகன் வடிவேல் துரு தேய்த்து மறுபடியும் வண்டியாகப் பூட்டினான்.

எல்லாம் மருமகளுக்காக. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரி இல்லாமல் முடியாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

கம்பளியில் கிடத்திக் கம்பில் கட்டித் தூக்கினால் மலை இறங்கவே பாதிப் பகல் போய்விடும். அப்படித் தூக்கிப்போன பெண்களில் பிள்ளையோடு திரும்பியவர்களைப் பேச்சியம்மா அதிகம் பார்த்ததில்லை.

தோட்டத்துத் துரையின் ஜீப்புக்குள் லயத்துக் கூலியாள் ஏறக்கூடாது. பின்னால் கட்டி இழுத்துப் போவதில் துரைக்கு மறுப்பில்லை. அவ்வளவு தாராள மனசு.

நோர்வூட் கொல்லன் அடித்துக் கொடுத்த வளையம் நேற்று வெள்ளோட்டத்தில், முதல் இறக்கத்திலேயே வாயைப் பிளந்தது. வெறும் வண்டி தேயிலைச் செடிகளுக்குள் குட்டிக்கரணம் போட்டது. பட்டாளத்து அசல் வளையம் இல்லாமல் இனி என் ஜீப்பில் எதையும் மாட்டக்கூடாது என்று துரை சொல்லிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மாயாண்டியின் முன்னால் போய் நிற்கக்கூடாது என்றுதான் அவள் கொல்லனிடம் போனதே. வடிவேலை அனுப்பவும் வழியில்லை. அவன் தலையைக் கண்டாலே பூசாரி காறித் துப்புவார்.

இப்போதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முனியைப் பார்த்தே பேசினார்.

"சாமியப் பேத்தெடுத்தா ஸ்டோரு நின்னு போகும். அது யாரு தலையில விடியும்?"

"என் தலையிலயே விடியட்டும். கோவம்னா முனி எங்கூடவே வரட்டும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வண்டிய இழுத்துக்கிட்டு வந்து கேக்கட்டும், பதில் சொல்றேன்."

அலவாங்கை ஓங்கிப் போட்டாள். சிமெந்துச் சில்லு தெறித்து நெற்றியில் அடித்தது.

கொழுந்து கிள்ளுகிற கைக்கு அலவாங்கு அடங்கவில்லை. வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் போட்டாள்.

பயமில்லாமல் இல்லை. முனிக்குப் பயப்படாத ஆள் அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. ஆனால் காலையில் லயத்துக் காம்பரா அறைக்குள் அவள் கேட்டுவிட்டு வந்த மருமகளின் முனகல் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

மாயாண்டி விறுவிறுவென்று வந்து அலவாங்கைப் பிடித்தார்.

போச்சு என்று நினைத்தாள். ஜென்மத்துக்கும் மறக்க முடியாத வசவு ஒன்று அவள் நாக்கு நுனிக்கு வந்தது.

அவர் அலவாங்கை அவள் கையிலிருந்து வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு இடித்தார். மேடை கட்டிய கைக்கு அதன் பலவீனமும் தெரியும். சிமெந்து இரண்டாகப் பிளந்து வளையம் சாய்ந்தது.

சந்தனத்தைக்கூடத் துடைக்காமல் அதை அவள் கைகளில் வைத்தார். திரும்பிப் போய்ச் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தை உருவி வந்து, வளையத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

"மோந்துக்கிட்டே வரச் சொல்லுங்க, சம்மந்தியம்மா. சின்னப் புள்ளையிலருந்தே அதுக்கு வண்டி ஏறுனா கொமட்டும்."

தன்னைக் கேளாமல் வடிவேலைக் கட்டிக்கொண்டாள் என்று பெற்ற மகளைத் தலைமுழுகியவர், எனக்குப் பிள்ளையே இல்லை என்று லயம் லயமாகச் சொல்லித் திரிந்தவர் அவர்.

பேச்சியம்மாவுக்கு அழ நேரமில்லை. முனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கராஜைப் பார்த்து ஓடினாள்.