மலிவுப் பெட்டி

“குரலை வச்சுப் பிழைக்கிறவளுக்கு இந்தப் பெட்டியையா வாங்கிக் கொடுப்பீங்க, மாமா?”

ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் தம்பி, வந்ததும் வராததுமாக அக்கா கணவரைப் பிடித்துக்கொண்டான்.

அக்கா வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஒலிப்புத்தகங்களுக்குக் கதை வாசிப்பவள். மைக்கில் பேசுவதை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப, உயர்ந்த ரக கன்வெர்ட்டர் ஒன்று வைத்திருந்தாள். அவள் தொண்டை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில், மாமா அதை விற்றுவிட்டு மலிவுப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டாராம்.

“இதுவே போதும்னு கடையில சொன்னான்” என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

“கடைக்காரனா உக்காந்து வாசிக்கிறான்?” அக்கா பொரிந்தாள். “வீட்டுக்கு வந்து முதல் நாள் வாசிச்சுக் கேட்டேன்டா. ஒரே கரகரப்பு. குரலே போச்சுன்னு அழுதுட்டேன். இனிமே மைக் முன்னாடியே உக்கார மாட்டேன்னேன். மறுநாள்தான் இந்த மனுஷன் வாயைத் திறக்கிறார், பெட்டியை மாத்திட்டேன்னு.”

அவள் பதிவுசெய்ததைத் தம்பி கேட்டுப் பார்த்தான். கரகரப்பு இருந்தது. ஆனால் எவ்வளவு மலிவான பெட்டியும் இப்படிக் கரகரக்காதே என்று அவன் காது சொன்னது.

“ஸ்டுடியோ பெட்டியைக் கொண்டுவந்திருக்கேன். ரெண்டுலயும் ஒரே பக்கத்தை வாசிச்சுக் காட்டுக்கா. வித்தியாசத்தை மாமாவே கேக்கட்டும்.”

மாமா பேப்பரைக் கீழே வைத்தார். “இன்னிக்கு வேணாமே.”

“ஏன், குட்டு வெளிப்பட்டுடுமா?” என்றபடி அக்கா வெந்நீர் எடுக்க உள்ளே போனாள்.

வயர் சமாசாரமெல்லாம் மாமா பொறுப்பு. மேஜைக்கடியில் அக்கா எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தம்பி உள்ளே புகுந்தான்.

மலிவுப் பெட்டியில் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். கரண்ட் வயரைத் தவிர அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. மைக் வயர் அதைத் தாண்டிப் பின்பக்கம் போயிற்று. அங்கே கிடந்த துணியை விலக்கினான். அக்காவின் பழைய பெட்டி. மைக் வயர் அதில்தான் மாட்டியிருந்தது.

“விக்கவே இல்லையா?”

மாமா பக்கத்தில் வந்து குந்தினார்.

“ஆறு மாசத்துல குரல் பழையபடி ஆயிடும்னு டாக்டர் சொன்னார். ஆனா தினமும் கொஞ்சம் வாசிக்கணுமாம். பயந்து விட்டுட்டா அப்படியே நின்னுடுமாம். இவ விட்டுட்டா. அதான், பழி பெட்டி மேல போகட்டும்னு...”

“உங்க மேலயும்ல போகுது?”

“போகட்டுமே. திட்டுறதும் தொண்டைக்குப் பயிற்சிதான்.”

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அக்கா போனில் சொன்னதிலிருந்து இவரை என்னென்ன நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

டம்ளரோடு வந்து நின்றாள் அக்கா.

“என்னடா, பெட்டிதானே காரணம்? என் குரல்ல ஒண்ணும் இல்லையே?”

கேட்கும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

தம்பி துணியை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தான். கொண்டுவந்த பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

“இதுக்கு வேண்டிய வயரை மறந்துட்டேன்க்கா. ஒப்பிட்டுப் பார்க்கவே வேணாம், எல்லாம் அந்த டப்பாவாலதான். நீ பாட்டுக்கு தினமும் வாசி. ஆனா ஒண்ணு, மாமா மாதிரி ஒரு கஞ்சனை நான் பார்த்ததே இல்ல.”