கார்ப்பரல் அமீருல் மேல் மூன்று குற்றங்கள்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கையும் சும்மா இருப்பதில்லை, வாயும் சும்மா இருப்பதில்லை. ஒருவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும், உடனே போட்டோ பிடித்து, பூப்பொம்மை வைத்து, போனில் ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள்.

இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் வீரப்பன் ஜாசின் பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காவல் நிலையத்துக்குள் நுழைந்தார். எழுபத்து நான்கு வயது. தோட்ட வேலையில் பாதி ஆயுள் ரப்பர்ப் பால்மரத்தோடும் மீதி எண்ணெய்ச் செம்பனையோடும் போயிற்று. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி.

முகப்பில் சீருடையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் அதை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"எங்க தோட்டத்துப் பக்கம் ரோந்து சுத்துறாரே கார்ப்பரல் அமீருல், அவரு மேல ரிப்போர்ட் போடணும். நல்லா காரமா எழுதும்மா."

அவள் கணினியில் தட்டத் தொடங்கினாள். அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

முதல் குற்றம். விடிவதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிறார். பெண்கள் வேலைக்குப் போய்ச் சேரும்வரை அந்தச் செம்மண் பாதையில் மேலும் கீழும் ஓட்டுகிறார். நாய்கள் குரைத்து ஒருவராலும் தூங்க முடிவதில்லை.

இரண்டாவது, மரியாதை தெரியாது. குஞ்சம்மா கடையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி சும்மா கொடுத்தால்கூடத் தொடுவதில்லை. வீட்டிலிருந்தே போத்தலில் தண்ணீர் கொண்டுவருகிறார்.

மூன்றாவது, கண்ணில் ஈரமில்லை. ரோட்டெக்ஸ் என்கிற சாலை வரி கட்டாத மோட்டாரோடு வீரப்பனின் மருமகனைப் பிடித்தார். இவரே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். கார்ப்பரல் அந்தக் கும்பிட்ட கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு சம்மன் எழுதினார்.

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"இது புகார் மாதிரியே இல்லையே தாத்தா. நல்லவருன்னே எழுதிடவா? அதுக்கும் எழுதிக் குடுக்கற பாரம் தனியா இருக்கு."

வீரப்பன் பதறிப்போனார். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தப்ப ஒருதரம் செஞ்சாச்சு. இவருக்கு முன்ன சார்ஜன் கணேஸ்வரன் இருந்தாரு. தங்கமான ஆளு. திருவிழாவுல மாலை போட்டு, பொன்னாடை போத்தி, மேலதிகாரிக்குக் கடுதாசி வேற எழுதினோம். மறுமாசமே உத்தியோக உயர்வுன்னு ஈப்போவுக்குத் தூக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு வருசத்துல நாலு பொம்பளைங்க கழுத்துச் சங்கிலி போச்சு. என் மவ புனிதாவோடதும் ஒண்ணு. இவரு வந்தப்புறம்தான் நின்னுச்சு. இப்ப கோயில் கமிட்டிக்காரனுங்க இவருக்கும் மாலைக்குச் சொல்லிட்டானுங்க. நீ எழுதும்மா, சீக்கிரம்."

அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு தலைகுனிந்தாள். பிறகு, இடமாற்றம் எல்லாருக்கும் வருவதுதான், மாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

தாள் வெளியே வந்தது. மலாய் மொழியில் அடித்திருந்ததை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள். சொன்னது சொன்னபடி இருந்தது. ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

வெளியே மழை தூறியது. அவள் குடையை விரித்து வெளிவாசல்வரை கொண்டுவந்து விட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்றும் விசாரித்துச் சொன்னாள்.

அதுதான் வீரப்பனுக்குச் சரியாகப் படவில்லை.

அவள் உள்ளே போனதும், வாசலில் நின்ற காவலரிடம் அவள் பெயரைக் கேட்டார்.

தேவிஸ்ரீ.

மறந்துவிடாமலிருக்க அதை இரண்டுதரம் சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். இந்தக் காலத்து ஜனங்களை நம்ப முடியாது. இவளையும் நல்லவள் என்று எவனாவது போட்டுக் கொடுத்துவிடுவான்.