குடிகாரன் தேடியது

"வாத்து. ஈய மணி. பல்லியின் தோள். வாத்து."

செத்தவன் தன் செல்போனில் கடைசியாகத் தேடியவை இவைதான் என்றது முதல் அறிக்கை.

தேடியதெல்லாம் சீன எழுத்தில். மொழிபெயர்த்தால் இப்படி வந்தது. நிதானத்தில் இருப்பவன் வாத்தையும் பல்லியையும் தேடுவானா? போதை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அவன் வேலை பார்த்த ஆலையில் பாய்லர் வெடித்ததற்கும், பக்கத்தில் நின்ற இருவர் வெந்து செத்ததற்கும் அவனே காரணம் என்றாகிவிட்டது.

அந்த இருவரின் வீடும் அவன் தெருவில்தான். அவன் பெண்டாட்டி தலையில் துணியைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீருக்குப் போகிறாள்.

தம்பிக்காரன் நாயாக அலைந்து மறு ஆய்வுக்கு உத்தரவு வாங்கி வந்திருந்தான். அண்ணன் குடிக்க மாட்டான். அவன் கையில் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். காலையிலிருந்து ஆய்வுக்கூட நடைபாதை பெஞ்சில் கிடந்தான்.

மறு ஆய்வு ஒரு பெண்ணின் மேசைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் தூர்வாரி. அழித்ததையும் தோண்டி எடுப்பாள்.

போனின் பிரவுசர் வரலாற்றைத் திறந்தாள். சதவீதக் குறியும் எண்ணுமாக வரிவரியாகக் கிடந்தது. சீன எழுத்தை இயந்திரம் அப்படித்தான் மூட்டை கட்டி வைக்கும். எந்த அட்டவணைப்படி கட்டியதோ அதே அட்டவணைப்படி பிரிக்க வேண்டும். வேறொன்றை வைத்துப் பிரித்தாலும் சீன எழுத்துதான் வரும். அர்த்தம்தான் வராது.

இங்கே எவனுக்குச் சீனம் தெரியும்? முன்னால் பார்த்தவர் வந்ததை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டிவிட்டார்.

அவள் அட்டவணையை மாற்றிப் பிரித்து, மறுபடி மொழிபெயர்ப்பில் போட்டாள்.

வாத்து போய்விட்டது.

"நீராவி அழுத்தம் எல்லை மீறிவிட்டது. நெருப்பை நிறுத்து. விலகிப் போ."

எல்லா வரியிலும் இதேதான். சீனாவிலிருந்து வந்த பாய்லரின் திரையில் தெரிந்த எழுத்தைக் கேமராவில் பிடித்துத் தேடியிருக்கிறான். வந்த பக்கங்களும் சீனத்திலேயே வந்திருக்கின்றன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவன் மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து மூடியிருக்கிறான்.

கடைசித் தேடல் மட்டும் தமிழ். தப்பான அட்டவணையில் அதுவும் சீன எழுத்தாகத்தான் தெரிந்திருக்கிறது. "இந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்."

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா தூர்வாரி, கெணறு வெட்டப் போயி பூதம் கெளப்பிட்டியா? அறிக்கை கோர்ட்டுக்குப் போயாச்சு. யாரு கையெழுத்துன்னு தெரியும்ல?"

அவருடையதுதான்.

அவர் நகரும்வரை காத்திருந்து தம்பியை உள்ளே கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் குடிக்கலப்பா. நல்ல நிதானத்துலதான் இருந்திருக்காரு."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கி ஓயச் சற்று நேரமானது. பிறகு, அண்ணன் அப்படி எதைத்தான் தேடினான் என்று கேட்டான்.

அவள் அந்தச் சீன எழுத்தைப் பெரிதாக்கித் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அழுத முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, இதுவாக்கா? இது ஒண்ணுமில்லக்கா. அண்ணன் எடத்துல இப்ப நான்தானே நிக்கறேன். புது பாய்லர்லயும் தெனம் வரும், செவப்பா. ஓரத்துல ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா போயிடும்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு. இன்னைக்குச் சின்ன மச்சானை மாத்தாளா நிறுத்திட்டு வந்திருக்கேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன், வந்தா பயப்படாம அமுக்குடான்னு."