பழமைத் தெருவின் புதுக் கதவு

பழமை மாறக் கூடாது என்று அரசாங்கம் பலகை நட்டிருந்த ஒரு தெருவில், ஒரு வீட்டின் தேக்குக் கதவைக் கழற்றி வெளிச்சுவரில் சாய்த்து வைத்தார்கள். அது இருந்த நிலைச்சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் கதவு ஏறிக்கொண்டது.

தேக்குக் கதவு கலங்கவில்லை. அன்று சாயங்காலம் பாரம்பரியக் குழுவின் அதிகாரி பார்வையிட வருகிறார். அவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், பழைய இடத்துக்கே போய்விடலாம்.

"சாயங்காலம் வரைக்கும்தான் உன் ஆட்டம் தம்பி," என்றது அது.

"அப்படியா மாமா? என் உடம்பைப் பாருங்க. மர ரேகை அச்சடிச்சிருக்காங்க. கரையான் அரிச்ச மாதிரி ஓட்டைகூடப் போட்டிருக்காங்க."

"நூறு வருஷத்துல என்னை ஒரு கரையான் தொட்டதில்லைடா!"

"போன பொங்கலுக்கு வார்னிஷ் வேற அடிச்சுக்கிட்டீங்க. உங்களை யாரு மாமா பழசுன்னு நம்புவாங்க?"

அதிகாரி வந்தார். பிளாஸ்டிக் கதவின் ஓட்டைகளை விரலால் தடவி, "அடடா, எத்தனை தலைமுறை பார்த்த கதவு!" என்று உருகிப் படம் எடுத்துக்கொண்டார்.

தேக்குக் கதவுக்குப் பொறுக்கவில்லை. தன்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று தடாலெனச் சரிந்து விழுந்தது.

அதிகாரி திரும்பினார். பளபளவென்று கிடந்த கதவைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது.

"இந்த மாதிரிப் புதுசை எல்லாம் இந்தத் தெருவில் மாட்டலாமென்று நினைத்தீர்களா?"

வீட்டுக்காரர் கைகூப்பினார். "தெரியாமல் வாங்கிவிட்டேன் சார். இப்போதே அப்புறப்படுத்திவிடுகிறேன்."