ரெண்டு தடவை படித்த புத்தகம்

எந்த நோயாளியையும் பேதம் பார்க்காமல் நடத்தப் பழக வேண்டும். அதற்குத் துறைத் தலைவர்கள் ஒன்றாக ஒரு புத்தகம் படித்துப் பேச வேண்டும் என்று முகப்பேர் தனியார் மருத்துவமனை நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது.

"எல்லாரும் படிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் பயிற்சி அதிகாரி ஜோயா.

"ரெண்டு தடவை," என்றார் தலைமை மருத்துவர் டில்லிபாபு. புத்தகம் தன் மேசைக்கு வந்ததா என்றே அவருக்குத் தெரியாது. மற்ற ஐந்து டாக்டர்களும் வேகமாகத் தலையாட்டியதில் அவருக்குத் தெம்பு வந்தது.

ஜோயா ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். "'மார்ல குத்திக்கினே கீது சார்'னு சொன்னேன். டாக்டர் சிரிச்சாரு. 'முதல்ல ஒழுங்கா தமிழ் பேசக் கத்துக்கிட்டு வா'ன்னு தொரத்திட்டாரு."

எலும்பு டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "இந்த இடத்துல நான் அழுதுட்டேன்."

"அந்த டாக்டரை வேலையை விட்டே தூக்கணும்!" மேசையைத் தட்டினார் டில்லிபாபு. "எழுத்தாளர் பிரமாதமா எழுதியிருக்கார்."

"எழுதினது பாரிவாக்கம் பொன்னியம்மா, சார். புத்தகப் பார்சல் இன்னும் வரல. இது நம்ம புகார்ப் பெட்டியில கிடந்த கடிதம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எந்த டாக்டர்னு போட்டிருக்காங்களா?" என்று மெல்லக் கேட்டார் டில்லிபாபு.

ஜோயா தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அதில் தன் பெயரைப் படித்ததும், முப்பது வருடமாக அவர் அடக்கி வைத்திருந்த, சொந்த ஊரான அம்பத்தூர்த் தமிழ் தானாக வெளியே வந்துவிட்டது.

"அந்தம்மா இப்போ எப்டி கீறாங்க?"