மாட்டுப்பால் ஆகாது

"யாருங்க அது, கேட்டைத் திறந்துக்கிட்டு நேரா பின்பக்கம் போறது?"

கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தாள் மகள். அம்மா செத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வீட்டைக் காலி செய்ய வந்தவளுக்குக் காலையிலிருந்தே யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது. ஆளில்லாத வீடென்றால் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிடுவதா?

நின்ற மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் பால் பாக்கெட், இன்னொரு கையில் நெளிந்த தட்டு. திருதிருவென்று விழித்தார்.

"குட்டிங்களுக்குப் பால் வைக்க வந்தேம்மா. தினமும் வர்றதுதான். உள்ளே ஆள் இருப்பாங்கன்னு நினைக்கலை."

"குட்டியா? அந்தச் சனியனுங்க இன்னும் இங்கேதான் கிடக்கா?"

அவள் திட்டுவதிலும் நியாயம் இருந்தது. தாய்ப்பூனை எங்கோ தொலைந்து போக, மூன்று குட்டிகளுக்கும் அம்மாவே தாயாகிப் போயிருந்தாள். அதுகளுக்கு ஏதோ வாங்கக் கிளம்பியவளைத்தான் தெருமுனையில் ஒரு வேன் அடித்துப் போட்டது.

"கோபப்படாதீங்கம்மா," என்றார் அவர். "நல்ல பாலாப் பார்த்துத்தான் வாங்கிட்டு வர்றேன். ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலை. ஆனா நாலஞ்சு நாளாவே சுருண்டு சுருண்டு படுக்குதுங்க. வயித்தாலே போகுது. உங்கம்மா என்ன கொடுத்தாங்கன்னு தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் இருக்கிறது எங்கேயோ."

சொல்லிவிட்டாளே தவிர, கால் அவளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டியின் மறைவில் ஓர் அட்டைப் பெட்டி. அதில் அம்மாவின் பழைய புடவை, அதன் மேல் எலும்பும் தோலுமாக மூன்று குட்டிகள். வெள்ளைக் குட்டிக்குத் தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. பார்த்ததும் அவள் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"மாட்டுப்பாலா கொடுத்தீங்க?"

"ஆமாம்மா."

"ஐயோ, அது ஆகாதுங்க! ஆசை ஆசையாக் குடிக்கும். அப்புறம் வயித்தைக் கலக்கிடும். குட்டிக்குன்னே மாட்டாஸ்பத்திரி பக்கத்துக் கடையில பால் பவுடர் விக்கிறாங்க. அதைத்தான் வெதுவெதுன்னு கரைச்சுக் கொடுக்கணும். குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊத்தக் கூடாது, புரையேறிடும். பெருசானா பாலே வேண்டாம், தண்ணிதான். அதையும் சோத்துத் தட்டுப் பக்கத்துல வெச்சா தொடாது, தள்ளி வைக்கணும்..."

சட்டென்று நிறுத்தினாள். இதெல்லாம் தனக்கு எப்படித் தெரியும்?

எல்லாம் அம்மா சொன்னதுதான். சாயங்காலமானால் அம்மாவிடமிருந்து போன் வரும். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டே "உம்" கொட்டுவாள். பூனைப் புராணம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அம்மா போனதிலிருந்து அவள் இப்படி அழுததில்லை.

அலமாரியில் பாதி டப்பா பவுடர் இருந்தது. கரைத்துக்கொண்டு வந்தாள். அவர் ஒவ்வொரு குட்டியாகக் குப்புறப் பிடித்துக்கொள்ள, அவள் மருந்து ஊற்றும் சொட்டுக் குழாயால் துளித் துளியாக விட்டாள். இரண்டு குட்டிகள் சப்புக்கொட்டிக் குடித்தன. வெள்ளைக் குட்டிக்கு மட்டும் பால் கடைவாயில் வழிந்தது.

"இதுவும் போயிடுமாம்மா?" என்று கேட்டார் அவர்.

"சும்மா இருங்க. கொஞ்சம் பொறுங்க."

நெடுநேரம் கழித்து அதன் தொண்டை ஒரு முறை அசைந்தது. பிறகு இன்னொரு முறை. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீ போடட்டுமா?"

"வேண்டாம்மா. இந்த வீட்டுல வேண்டாம்."

என்ன மனுஷன் இவர், கூச்சத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு நீங்க என்ன முறை வேணும்?"

"ஒரு முறையும் இல்லைம்மா. ஒரே ஒரு நாள் பார்த்ததுதான்."

"ஒரு நாள் பார்த்ததுக்கே தினமும் வர்றீங்க. எங்கம்மாவை அடிச்சுப் போட்டானே அந்தப் படுபாவி, அன்னைக்கே ஜாமீன்ல வெளியே வந்துட்டானாம். ஸ்டேஷன், கோர்ட்டு எல்லாத்துக்கும் எங்க வீட்டுக்காரரைத்தான் அனுப்பினேன். அவன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னுட்டேன். அவன் எங்கே, நீங்க எங்கே!"

அவர் வெள்ளைக் குட்டியைப் புடவை மேல் மெல்ல இறக்கிவிட்டு எழுந்தார்.

"ஆமா, பின்னாடி குட்டி இருக்கிறது உங்களுக்கெப்படித் தெரியும்? அம்மா எப்போ சொன்னாங்க?"

அவர் தலை நிமிரவேயில்லை.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாங்கம்மா. 'மஞ்ச கேட்டு வீடு, பின்னாடி மூணு குட்டி, பசியோட இருக்கும், பால் குடுத்துடுப்பா'ன்னு. என்ன பாலுன்னு கேக்கறதுக்குள்ளே, என் வேன் சக்கரத்துக்குப் பக்கத்துலயே பேச்சு நின்னு போச்சு."