சேர்ந்தே தோற்பது

“ம், அடிங்க” என்றார் கண்காணிப்பாளர். பத்து நிமிடத் தேர்வு. கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

அவள் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

நீதிமன்றத்துக்கு வந்திருக்கும் புது மென்பொருளில் பழைய தட்டச்சு முறை கிடையாது. புது விசை வரிசையில் தேறுபவர்களுக்கு இதே நாற்காலி. தேறாதவர்கள் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பழைய வழக்குக் கட்டுகளைத் தூசி தட்டி அடுக்க வேண்டும்.

பக்கத்து மேசையில் அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல. பத்தொன்பது வருடம் அருகருகே உட்கார்ந்து தீர்ப்பு நகல் அடித்ததில் அக்கா ஆனவள். ஐம்பத்து நான்கு வயது. கொம்பை முதலில் அடித்து, எழுத்தைப் பிறகு அடித்தே பழகிய கை. புது வரிசையில் எல்லாம் தலைகீழ்.

“இந்த வயசுல மறுபடியும் ஆனா ஆவன்னாவா? போடி. ரெண்டு பேரும் சேர்ந்தே தோத்துடலாம். ஜோடியா கீழ அனுப்பிட்டு நகலை யாரு அடிப்பா, இவரா?”

அறிவிப்பு வந்த அன்று அக்கா சொன்னது. கண்காணிப்பாளர் ஒற்றை விரலால் தன் பெயரைத் தேடித் தேடி அடிக்கும் அழகை நடித்தும் காட்டினாள். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

தலையாட்டிவிட்டு வீட்டில் கற்றுக்கொண்டாள். ஐந்து வாரம், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அவளுக்கு வீசிங். கீழ்த்தளத்தில் ஒரு மணி நேரம் தாங்காது. அதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

அடித்தால் இங்கே. அடிக்காவிட்டால் அக்காவோடு கீழே.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு.

அலுப்பாக இருந்தது. ஒருத்தியை ஏமாற்றவும் உடம்பில் தெம்பு வேண்டும். தோற்றே விடலாம் என்று முடிவு செய்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் ஏறியது. மற்றவர்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருக்க, பக்கத்து மேசையில் மட்டும் சடசடவென்று, மூச்சு விடாமல்.

அக்கா விசைப்பலகையைக் குனிந்தே பார்க்கவில்லை. திரையில் மூன்றாவது பத்தி.

பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

“ஏன்டி சும்மா உட்கார்ந்திருக்க?” திரும்பாமலே கேட்டாள்.

“நீ எப்பக்கா…”

“பஸ்ல ஒருநாள் என் மேல சாஞ்சு தூங்குன. உன் விரல் என் கை மேல தட்டிட்டே வந்துச்சு. அது பழைய தட்டு இல்ல.” திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லல. நானும் ஆரம்பிச்சேன்.”

“அங்க என்ன பேச்சு?” என்றார் கண்காணிப்பாளர்.

“அடி. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு” என்றாள் அக்கா, திரையின் மூலையில் மணியைப் பார்த்து.

அவளுடைய முதல் எழுத்து திரையில் விழும்வரை அக்கா தன் கைகளை விசைகளுக்கு மேலே தூக்கியே வைத்திருந்தாள்.